பேன் பார்த்தால் ஆயுள் கூடுமா?

"நண்பர்கள் நிறைய இருந்தால் ஆயுள் கூடும் என்கிறீர்கள். வசதியானவர்களுக்கு நண்பர்களும் அதிகம், நல்ல மருத்துவமும் கிடைக்கும். மருத்துவம் செய்த வேலையை நட்பின் கணக்கில் எழுதுகிறீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். சம்பளம், சிகரெட், மருத்துவமனை எதுவுமே இல்லாத ஒரு கூட்டத்தைக் கவனித்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

கென்யாவின் அம்போசெலியில் 1971 முதல் பபூன் குரங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து, பிறப்பு முதல் இறப்பு வரை பதிவு செய்துவருகிறார்கள். மற்ற குரங்குகளோடு அதிகம் ஒட்டி உறவாடும் தாய்களின் குட்டிகளே கூடுதலாகப் பிழைக்கின்றன என்று அங்கிருந்து 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. தாய்க்குக் கூட்டத்தில் என்ன அந்தஸ்து என்பதைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. 2010-ல் போட்ஸ்வானாவின் மொரேமி காட்டிலிருந்து இன்னொன்று: ஆண்டுக்கணக்கில் மாறாத நெருங்கிய தோழிகள் உள்ள பெண் பபூன்கள் அதிக காலம் வாழ்கின்றன. மூன்றாண்டு நிதி கொடுத்து, முடிந்ததும் அறிக்கை கேட்கும் இன்றைய வழக்கத்தில் இவை சாத்தியமே இல்லை. பபூன் இருபது ஆண்டுக்கு மேலும் வாழும். அதன் முதுமையைப் பார்க்க நிதியும் அவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டாமா?

சரி, தோழமை எப்படி உடம்புக்குள் போகிறது? ஒரு வழி எளிது. அம்போசெலியில் அதிகம் பேன் பார்க்கப்படும் குரங்குகளின் மேல் உண்ணிகள் குறைவு. உண்ணி குறைந்தவற்றின் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு அதிகம், அதாவது ஆரோக்கியம் கூடுதல்.

இன்னொரு வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆபத்து வந்தால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் வகை ஹார்மோன்களைச் சுரக்கும். வீட்டில் தீப்பிடித்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாளியோடு ஓடுவதுபோல, உடல் வளர்ச்சி, இனப்பெருக்கம் எல்லாவற்றையும் ஒத்திவைத்துச் சர்க்கரையை ரத்தத்தில் சேர்க்கும். அது நீண்ட காலம் நீடித்தால்தான் கேடு. இதைக் காட்டுக்குரங்கிடம் எப்படி அளப்பது? பிடித்து ஊசி குத்தினால் அந்தப் பயத்திலேயே ஹார்மோன் ஏறிவிடும். அதனால் பின்னாலேயே நடந்து, அது மலம் கழிக்கும்வரை காத்திருக்கிறார்கள்! கல்லீரல் சிதைத்த ஹார்மோனின் மிச்சம் குடல் வழியாக அதில் வந்துசேரும். ரத்தம் அந்த நிமிடத்தின் நிலையை மட்டும் சொல்லும். மலமோ பல மணி நேரத்தின் சராசரியைச் சொல்லும். குரங்குக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மொரேமியில் சிங்கமும் சிறுத்தையும் பபூன்களைக் கொன்றபோது, நெருங்கிய உறவைப் பறிகொடுத்த பெண் குரங்குகளின் மலத்தில் இந்த ஹார்மோன் ஒரு மாதம் உயர்ந்திருந்தது. பிறகு பழைய அளவுக்கு இறங்கியது. அந்தக் காலத்தில் அவை சும்மா இருக்கவில்லை. முன்பைவிட அதிக குரங்குகளோடு, அதிக முறை பேன் பார்த்தன. துக்கம் என்ற சொல்லைக் குரங்குக்குப் பயன்படுத்த ஆய்வாளர்கள் தயங்குவார்கள், நான் தயங்கவில்லை.

அந்தஸ்து இருந்தால் நிம்மதி என்றும் நினைக்க வேண்டாம். அம்போசெலியில் முதலிடத்து ஆணின் ஹார்மோன் அளவு இரண்டாமிடத்து ஆணைவிடத் தெளிவாக அதிகம். முதலிடத்துக்குக் கொடுக்கும் விலை அது.

வாசகர் விடமாட்டார்: ஆரோக்கியமான குரங்குக்குத்தான் தோழிகள் சேர்கிறார்களோ? 2017-ல் மரியா புயல் இதற்கு ஒரு சோதனை வைத்தது. போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய கயோ சாண்டியாகோ தீவில் சுதந்திரமாகத் திரியும் ரீசஸ் குரங்குகள், மரங்கள் அழிந்த வெயிலில் எஞ்சிய நிழலைப் பங்குபோட வேண்டியிருந்தது. அடுத்தவரை அருகில் உட்கார விட்ட குரங்குகள் கூடுதலாகப் பிழைத்தன. புயலுக்கு முன் அந்தக் குணத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பே தெரியவில்லை. ஆரோக்கியம்தான் காரணம் என்றால், அந்தத் தொடர்பு முன்பே இருந்திருக்க வேண்டும்.