சொல் விளக்கம்: உராய்வு

கொழும்பு செட்டியார் தெருவுக்குப் பழைய நகையைக் கொண்டு சென்றவர்கள், பொற்கொல்லர் அதைக் கரிய கல்லொன்றில் இழுத்து, அதில் விழுந்த கோட்டின் நிறத்தை வெளிச்சத்தில் பார்ப்பதைக் கண்டிருப்பார்கள். அந்தக் கல்லின் பெயர் உரைகல். 505ஆம் குறள் அதைக் கட்டளைக்கல் என்கிறது. கல்லின் கரடான பரப்பு பொன்னில் சிறு துகளைப் பறித்துக்கொள்வதாலேயே கோடு விழுகிறது. 'பிரிக்சன்' என்பதற்கு நாம் வழங்கும் உராய்வு, இந்த உரைத்தலுக்கு உறவான சொல்.

ஆங்கிலச் சொல், தேய்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. சிங்கள மாணவர் படிக்கும் 'கர்ஷணய' வடமொழிவழி வந்தது, அதற்கும் அதே பொருள். தமிழில் உரை, உரசு, உரிஞ்சு, உராய் ஆகியவை ஒரே குடும்பத்தவை. குழந்தைக்கு வசம்பு உரைக்கிறோம், காலை உரஞ்சிக் கழுவுகிறோம். உராய் என்னும் வினை, ஆய்வு, சாய்வு போல 'வு' பெற்றுப் பெயராயிற்று. உரசல் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் செய்தித்தாள்கள் கட்சிகளின் மனக்கசப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. தேய்மானமோ விளைவின் பெயர், விசையின் பெயரன்று.

தொட்டிருக்கும் இரு பரப்புகள் ஒன்றன்மீதொன்று வழுக்குவதையோ வழுக்க முனைவதையோ எதிர்க்கும் விசையே உராய்வு. 'இயக்கத்தை எதிர்க்கும் விசை' என்று சுருக்குவது பிழை; பாதம் பின்னோக்கி வழுக்காமல் தடுத்து, நம்மை முன்னே நடக்கவிடுவதும் அதுவே. அது செவ்வன் மறுதாக்கத்துக்கு, அதாவது பரப்புகள் ஒன்றையொன்று செங்குத்தாக அழுத்தும் விசைக்கு, விகிதசமமானது, தொடுபரப்பின் அளவில் தங்கியதன்று என 1699இல் பிரான்சின் அமொந்தோன் அறிவித்தார். வழுக்கத் தொடங்கிய பின்னுள்ள உராய்வு, வழுக்குமுன் எட்டக்கூடிய எல்லை உராய்விலும் பொதுவாகக் குறைவு. பிரேக்கை ஓங்கி மிதித்துச் சில்லுகள் இறுகினால் வாகனம் கூடுதல் தூரம் இழுபட்டுச் செல்வது அதனால்தான்.

மழை இரவில் கொழும்பின் காலி வீதியில் வாகனம் ஓட்டுபவருக்கு வீதியின் பரப்பு ஒளியாலும் தொல்லை தரும். உலர்ந்த தாரின் மேடுபள்ளங்கள் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கும். நம் பாடநூல்கள் இதனை ஒழுங்கற்ற தெறிப்பு என்னும். தமிழகத்தில் தெறிப்பை எதிரொளிப்பு என்பார்கள். பட்டதும் துள்ளித் திரும்புவதைக் காட்டும் நம் சொல்லே எனக்கு உவப்பானது. நீர் அப்பள்ளங்களை நிரப்பினால் வீதி கண்ணாடி போலாகி, எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசச் செய்ய, நம் விளக்கின் ஒளி பெரும்பாலும் முன்னோக்கியே தெறித்துப்போவதால் வழி கறுத்துத் தெரியும். டயருக்கும் தாருக்கும் இடையே புகுந்து உராய்வைக் குறைப்பதும் அதே நீர்தான்.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளில் 'கிரிப்' என்று கேட்பதற்கு உராய்வு என்று எழுத வேண்டியதில்லை. அங்கே பேசப்படுவது டயரின் பண்பு. அதற்குப் பிடிப்பு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.