பேட்டைச் சுழற்றும் முன் காலைப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம், பேஸ்பால் மாதிரியான சாஃப்ட்பால் ஆட்டத்துக்கு நடந்த ஒரு பயிற்சி முகாமில் பார்த்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தன் இடுப்புக்கு மேலே வரும் 34 அங்குல பேட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஓரத்தில் நின்ற பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து "ஓங்கி அடி பாப்பா, ஓங்கி அடி" என்று கத்துகிறார்கள். இரண்டு பந்து தப்பியது. மூன்றாவதுக்குப் பிள்ளை இருக்கிற பலத்தையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து சுழற்ற, பேட் வியர்வைக் கையிலிருந்து கழன்று, பந்து போடுகிற பிட்சர் பக்கமாகப் பறந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. "பரவாயில்லை, அடுத்த பந்து" என்று ஆட்டம் தொடர்ந்தது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இருபது வருஷமாகத் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால் சொல்லித்தருவதில்தான் என் மாலை நேரம் பெரும்பாலும் போகிறது. பெயரில் சாஃப்ட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், பந்து நல்ல கெட்டி. சுற்றளவு 12 அங்குலம், எடை இருநூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் 43 அடி தூரத்திலிருந்து போடுகிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றாலே பந்து வந்துசேர முக்கால் விநாடியும் கொஞ்சமும்தான் ஆகும். அதற்குள் பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், சுழற்ற வேண்டும். அந்த நேரத்தில் யோசித்துச் சரிசெய்துகொள்ள எதுவும் இல்லை, உடம்பு பழகியதைத்தான் செய்யும். தப்பாகப் பழகியிருந்தால் தப்பாகத்தான் செய்யும்.

நம் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் கிரிக்கெட்டிலிருந்து வருகிறார்கள். சம்பா அறுப்பு முடிந்ததும் தாள் நிற்கிற வயலிலேயே குச்சி நட்டு ஆடிப் பழகிய கை அது. பேட் மேலிருந்து கீழே இறங்கி வரும். தட்டையான, நாலேகால் அங்குல அகலப் பேட்டுக்கு அது சரி. சாஃப்ட்பால் பேட் உருண்டை, அதன் தடித்த பாகமே இரண்டேகால் அங்குலம்தான். மேலிருந்து வெட்டினால் பந்தும் பேட்டும் ஒரே ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டும், தவறினால் தவறியதுதான். பந்து வருகிற பாதையில் பேட் குறுக்கே கொஞ்ச தூரம் கூடவே போனால்தான் நேரம் சற்று முந்தினாலும் பிந்தினாலும் படும். இதை வாயால் எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகளுக்கு ஏறாது. எனக்கே ஒரு மாணவியின் தாத்தாவைப் பார்த்த பிறகுதான் எப்படிச் சொல்வது என்று தெரிந்தது.

அவர் வெட்டாற்றில் வீச்சுவலை போடுகிறவர். ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கரையில் உட்காரவைத்தேன். நனைந்த வலை, ஓரமெல்லாம் ஈயக்குண்டு, தூக்கினாலே கை வலிக்கிற கனம். முழங்கால் தண்ணீரில் நின்றவர் உடம்பை மெதுவாகப் பின்னால் திருப்பினார், கனம் முழுக்கப் பின்காலுக்குப் போனது. அப்புறம் இடுப்பு முன்னால் திரும்பியது. வலை இன்னும் பின்னாலேயே இருக்கிறது. தோள் இடுப்பைத் தொடர்ந்து வந்தது, கை கடைசியாகத்தான் வந்தது. வலை வட்டமாக விரிந்து விழுந்தது. "கையால மட்டும் வீசினா என்ன ஆவும் தாத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். அவர் வீசியே காட்டினார். வலை பொட்டலமாகப் பொத்தென்று விழுந்தது.

அவ்வளவுதான் பேட்டிங். கால், இடுப்பு, தோள், கை என்ற வரிசை. மறுநாள் பேட்டே கொடுக்கவில்லை, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துத் திரும்பச் சொன்னேன். பின்காலைத் திருப்பு, திருப்பு என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளை குதிகாலைத் திருகிக்கொண்டு உடம்பைப் பந்திலிருந்து விலக்கிக்கொண்டு போகும். இடுப்பு சரியாகத் திரும்பினால் கால் தானாகத் திரும்பும்.

அடுத்தது டீ, அதாவது அடித்துப் பழகப் பந்தை மேலே வைக்கிற தண்டு. கடையில் வாங்க வேண்டும் என்றில்லை, நான் பிவிசி குழாயின் தலையில் பழைய டிராக்டர் ரேடியேட்டர் ஹோஸைச் செருகி வைத்திருக்கிறேன், அடித்தால் வளையும், உடையாது. பின்னால் இரண்டு தென்னைக்கு நடுவே பழைய மீன்வலை. நடுவில் வருகிற பந்துக்கு டீயை முன்காலுக்கு நேராக வையுங்கள், வயிற்றுக்கு நேராக வைத்தால் பேட் தாமதமாக வரப் பழகிவிடும். பந்தில் படும்போது மேல் கையின் உள்ளங்கை வானத்தைப் பார்க்க வேண்டும், கீழ்க் கையினுடையது தரையைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டை அதற்கு முன்னாலேயே புரட்டினால் பந்து தரையில்தான் உருளும். சில பிள்ளைகள் கையை மாற்றிக் குறுக்காகப் பிடிப்பார்கள், அதை முதல் நாளே திருத்திவிடுங்கள்.

பேட் விஷயத்தில் பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள். 34 அங்குலம் என்பது விதியில் அனுமதித்திருக்கிற அதிகபட்ச நீளம். அதை ஒன்று வாங்கி ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாரிடமும் கொடுக்காதீர்கள். பிள்ளையை ஒரு கையால் பேட்டைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்கச் சொல்லி மனதுக்குள் இருபது எண்ணுங்கள். அதற்குள் கை நடுங்கி இறங்கினால் அது அவளுக்கான பேட் இல்லை. கைப்பிடி ரப்பர் வழுவழுத்துப் போயிருந்தாலும் மாற்றுங்கள். நம் சித்திரை வெயிலுக்கு உள்ளங்கை எப்படி வியர்க்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரம்ப வருஷங்களில் நான் ஒரு நாளைக்கு இருநூறு முறை சுழற்றச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு விலாவுக்குக் கீழே வலி வந்து, தேர்வுப் போட்டி இருக்கிறதே என்று என்னிடம் சொல்லாமலே மூன்று வாரம் ஆடினாள். இடுப்பு திரும்பாமல் முதுகும் விலாவும் மட்டும் முறுக்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க அவள் உட்கார வேண்டியதாயிற்று. இப்போது ஐம்பது, அதுவும் பத்துப் பத்தாக. பின்கால் சோர்ந்து நகர மறுக்கிறது என்று தெரிந்தால் முப்பதிலேயே நிறுத்திவிடுவேன். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சுழற்றுகிறவளைச் சுற்றிப் பத்தடிக்குள் யாரும் நிற்கக் கூடாது, பந்து பொறுக்குகிற குட்டிப் பிள்ளைகள்கூட. பிட்சர் போடுகிற பந்தை ஆடும்போது ஹெல்மெட் கட்டாயம். கிரிக்கெட் பழக்கத்தில் பேட்டோடு ஓடுவார்கள், வேண்டாம் என்று சொன்னால் வீசி எறிவார்கள். பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சர் உட்கார்ந்திருக்கிறாள். அடித்து முடித்ததும் பேட்டைக் காலோரம் விட்டுவிட்டு ஓடுவதையும் டீ வைத்தே பழக்குங்கள்.

"இதெல்லாம் ஒரு விளையாட்டா டீச்சர்?" என்று கேட்கிற பெற்றோருக்கு: 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்கள் ஆடிய விளையாட்டு இது, 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் மறுபடியும் வருகிறது. மைதானத்துக்கு வாருங்கள், பக்கவாட்டில் நின்று போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்து மகளிடம் காட்டுங்கள். ஓங்கி அடி என்று மட்டும் கத்தாதீர்கள்.

ஐப்பசியில் மைதானம் குளமாகிவிடும், அப்போதும் நாங்கள் நிறுத்துவதில்லை. வராந்தாவில் ஆளுக்கொரு துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டுச் சுழற்றுவோம். சரியாகச் சுழற்றினால் காற்றைக் கிழிக்கிற சத்தம் உடம்புக்கு முன்னால் கேட்கும், கையால் மட்டும் சுழற்றினால் தோளுக்குப் பின்னாலேயே கேட்டு முடிந்துவிடும். மழைச் சத்தத்திலும் பிள்ளைகள் அதைக் காது கொடுத்துக் கேட்டு ஒருத்தியை ஒருத்தி திருத்துகிறார்கள்.