டிரிகரை மாற்றினேன், போல்ட் இறுகிவிட்டது

போன கார்த்திகையில், மழை விட்ட ஒரு மத்தியான வேளை, தொண்டியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கையில் உறையிட்ட ரைஃபிள், சட்டைப்பையில் உரிமப் புத்தகம், இன்னொரு கையில் ஒரு சிறிய தகர டப்பா. உறையைப் பிரிப்பதற்கு முன்பே டப்பாவை மேசைமேல் வைத்தார். படகு இன்ஜின் வால்வைத் தேய்க்கும் பேஸ்ட்.

"அண்ணே, போல்ட் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது. விசைப்படகு மெக்கானிக் ஒருவர், என் கூட்டாளிதான், இதைத் தடவி நாலு தடவை ஆட்டினால் வழுவழுப்பாகிவிடும் என்கிறார்."

"தடவிவிட்டீர்களா தம்பி?"

"இல்லை. உங்களிடம் கேட்டுவிட்டுத் தடவலாம் என்று..."

அந்தக் கேள்விதான் துப்பாக்கியைக் காப்பாற்றியது. ராமநாதபுரத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவனாக இத்தனை ஆண்டுகளில், கேட்காமல் தேய்த்துவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய ரைஃபிள்களில் சில மறுபடி சுடவே இல்லை.

வந்திருந்தது தாத்தா காலத்து மௌசர் 98 வகை ரைஃபிள். கைப்பிடியைத் தூக்கி இழுத்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்பு உருளைதான் போல்ட். வாரிசு உரிமமாக இவர் பெயருக்கு மாறி ஓராண்டு ஆகியிருந்தது. பழைய ராணுவ டிரிகர் நீளமாக இழுபடும், இரண்டு கட்டமாக விழும். அது பிடிக்காமல், வெளியில் தனியாகக் கிடைக்கும் டிரிகர் ஒன்றை வாங்கி, வேறோர் ஊரில் யாரோ ஒருவரிடம் கொடுத்துப் பொருத்தியிருந்தார். பொருத்தியவரிடம் உரிமம் இருந்ததா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமன்றி, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. சைக்கிள் கடையில் பிரேக் மாற்றுவது போன்ற வேலை இல்லை இது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போல்ட் இறுகினால் போல்ட்டைச் சந்தேகிப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். டிரிகரை மாற்றிய மறுநாளே இறுகியது என்றால், நேற்றுவரை ஓடிய போல்ட் ஒரே இரவில் கெட்டுப்போகவில்லை. அதன் வழியில் புதிதாக ஒன்று வந்து நிற்கிறது, அவ்வளவுதான். அது என்ன, எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் துப்பாக்கி காலியா என்று பார்க்கவேண்டும். தோட்டா உட்காரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே மற்றதெல்லாம். தோட்டாக்கள் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது. ஓட்டிப் பார்க்க மருந்தில்லாத டம்மி தோட்டா போதும்.

அடுத்து, இறுக்கம் எந்த இடத்தில் வருகிறது என்று கையால் உணரவேண்டும். கைப்பிடியைத் தூக்கும்போதா, பின்னால் இழுக்கும்போது நடுவழியிலா, முன்னே தள்ளிக் கடைசியாகக் கீழே மடக்கும்போதா? மௌசரில் கைப்பிடியைத் தூக்கும்போதுதான், தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியின் ஸ்பிரிங் இறுகும். ஆகவே டிரிகரை இழுத்த பிறகு தூக்கினால் கனமாக இருப்பது இயல்பு. டிரிகரை இழுக்காமல், ஸ்பிரிங் ஏறிய நிலையிலேயே மூடித் தூக்கிப் பாருங்கள். அப்போதும் கனமாக இருந்தால்தான் கோளாறு. இஷாப்பூர் ஆலையின் .315 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டு வழிவந்தது. மூடும்போதுதான் ஸ்பிரிங் ஏறும், அதனால் முன்னே தள்ளுவது கனமாகத்தான் இருக்கும். அது அதன் பிறவிக் குணம். "மூடும்போது கனக்கிறது" என்று .315ஐத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவேன்.

தொண்டித் தம்பியின் ரைஃபிளில் இரண்டு இடங்களில் தடை இருந்தது. பின்னால் இழுக்கும்போது பாதி வழியில் ஓர் உரசல், மூடிக் கீழே மடக்கும் கடைசி விரற்கடையில் ஒரு முரண்டு. போல்ட்டைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். அடிவயிற்றில் தலைமுடி அளவில் புதுக் கீறல் ஒன்று நீளவாக்கில் ஓடியது. எண்பது வருடக் கறுப்பின் நடுவே வெள்ளிக் கம்பி மாதிரி மின்னியது.

டிரிகர் பெட்டிக்குள் சியர் என்று ஒரு சிறு இரும்பு நாக்கு உண்டு. போல்ட் ஓடும் இரும்புக் கூடான ரிசீவரின் அடியில் உள்ள துளை வழியாகத் தலையை நீட்டி, ஊசியின் வால்பகுதியைத் தடுத்து நிறுத்தி வைத்திருப்பது அதுதான். டிரிகரை இழுத்தால் நாக்கு தாழும், ஊசி பாயும். போல்ட் முன்னும் பின்னும் போகும்போது இந்த நாக்கின் மேல்தான் கடந்தாகவேண்டும். நாக்கு தேவைக்கு மேல் உயர்ந்தால் போல்ட்டின் வயிற்றை உரசும். நிற்கவேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் பின்தங்கி நின்றால், மூடும்போது ஊசியை அதிகத் தொலைவு பின்னால் பிடித்துக்கொள்ளும், அந்த ஸ்பிரிங்கின் பாரத்தை நம் கை கடைசி மடக்கலில் தாங்கவேண்டி வரும். அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே கை உணர்ந்துவிடும்.

உரசும் இடத்தை உறுதிசெய்ய நான் கண்மைதான் வைத்திருக்கிறேன். என் ஆசானிடம் அகல் விளக்கின் கரி இருந்தது, எனக்கு மகளின் மைச்சிமிழ். போல்ட்டின் வயிற்றில் மெல்லியதாகப் பூசி, ஒரே ஒரு தடவை உள்ளே விட்டு வெளியே எடுத்தேன். கீறல் இருந்த அதே கோட்டில் மை உரசி அழிந்திருந்தது. சியர்தான்.

ஆனால் சியர் ஏன் உயர்ந்து நிற்கவேண்டும்? இங்கேதான் பலர் அரத்தை எடுக்கிறார்கள். எடுக்காதீர்கள். பழைய மௌசர்களின் இரும்பு உள்ளே மென்மையானது, மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டது. சியர் பிடிக்கும் ஊசி வாலில் அந்தத் தோலை அரத்தால் வழித்துவிட்டால் அடியில் இருப்பது வேகமாகத் தேயும். ஒருநாள் போல்ட்டை மூடியவுடன், விரல் டிரிகரில் இல்லாதபோதே ஊசி விழும். வால்வு பேஸ்ட்டும் இதே கணக்குதான். அது உரசும் இடத்தை மட்டும் தேய்க்காது. போல்ட்டைப் பூட்டும் காது போன்ற புடைப்புகளையும் தேய்த்து, தோட்டா உட்காரும் இடைவெளியைப் பெருக்கிவிடும். படகு இன்ஜினில் வால்வு உட்காரும் இடத்தைப் பொருத்தமாக்கத்தான் அந்த பேஸ்ட். ரைஃபிளில் அது பொருத்தத்தைக் கெடுக்கும்.

துப்பாக்கியைத் தாங்கும் மரக் கட்டையைக் கழற்றினேன். கட்டையில்லாமல் போல்ட்டை ஓட்டிப் பார்ப்பது நான் ஒருபோதும் தவிர்க்காத சோதனை. முற்றிலும் சரியாகிவிட்டால் டிரிகர் நிரபராதி, மரமோ திருகோ குற்றவாளி. சில ரைஃபிள்களில் முன் திருகும் பின் திருகும் வெவ்வேறு நீளம். கழற்றிப் பொருத்துபவர் இடம் மாற்றிப் போட்டால், நீளத் திருகின் முனை உள்ளே எட்டிப்பார்த்து போல்ட்டை முட்டும். இவருடையதில் திருகுகள் சரியான இடத்தில்தான் இருந்தன. கட்டையைக் கழற்றியதும் இறுக்கம் பாதி குறைந்தது, மீதி இருந்தது. ஆக, இரண்டு குற்றவாளிகள்.

மீதிக்குக் காரணம் சில நிமிடத்தில் தெரிந்தது. இந்த வகை டிரிகர் பெட்டி ரிசீவரில் ஒரே ஓர் ஊசிக்கம்பியில் தொங்கும். ஆடாமல் இருக்க ஒரு சிறு திருகு அதை அழுத்திப் பிடிக்கும். அந்தத் திருகு பாதிதான் முடுக்கப்பட்டிருந்தது. பெட்டி சாய்ந்திருந்தது. அதனால்தான் சியர் உயர்ந்து, பின்தங்கி நின்றது. பெட்டியை நேராக நிறுத்தித் திருகை முடுக்கினேன். மை உரசி அழிவது நின்றது.

மற்றொரு குற்றவாளி நம் ஊர்க் காற்று. புதிய டிரிகரின் பெட்டி பழையதைவிட அகலம். அதற்காகக் கட்டையில் குடைந்த இடம் கோடையில் போதுமானதாக இருந்திருக்கும். வடகிழக்கு மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதி, பெட்டியின் வலப்பக்கத்தை அழுத்தியிருக்கிறது. பெட்டியில் மை பூசி, கட்டையில் அது ஒட்டிய இடத்தில் மட்டும் உளியால் அரை மில்லிமீட்டர் சீவி, வெட்டிய பச்சை மரத்துக்கு மூன்று பூச்சு வார்னிஷ் கொடுத்தேன். பூச்சு இல்லாமல் விட்டால் அடுத்த ஐப்பசியில் மறுபடி இதே கதைதான்.

இந்தக் கடற்கரையில் உப்பைத் தனியாகச் சொல்லியாகவேண்டும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைக் காலமெல்லாம் சாயம் பூசிப் பூசித்தான் ஓட்டினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனிப்பூச்சும் தேவைப்பட்டன. அந்தக் காற்றுதான் உங்கள் டிரிகர் பெட்டிக்குள்ளும் போகிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சியரின் அச்சுக்கம்பியில் துரு ஏறினால் நாக்கு தாழ மறுக்கும், அல்லது தாழ்ந்தது எழ மறுக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய துப்பாக்கிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு மூன்று மாதம் உறைக்குள்ளேயே புழுங்கிக் கிடந்திருக்கும். ஒப்படைக்கும் முன் துடைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள், ஈரம் தேக்கும் துணி உறையில் வைக்காதீர்கள்.

அதற்காக டிரிகருக்குள் எண்ணெயை ஊற்றிவிடவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டுப்போகும், நம் பக்கத்து நுண்மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியைக் கழுவி உலர்த்தி, அச்சில் ஒரு துளி நல்ல துப்பாக்கி எண்ணெய் போதும். கிரீஸ் வேண்டியது வேறு இடத்துக்கு: போல்ட்டின் பூட்டுக் காதுகளின் பின்புறத்துக்கும் ஸ்பிரிங் ஏற்றும் சரிவுக்கும். அங்கே பட்டாணி அளவில் பாதி தடவினாலே தூக்கும் கனம் பளிச்சென்று குறையும்.

இறுக்கம் தீர்ந்ததும் பையில் போட்டுக் கொடுத்துவிட மாட்டேன். காலித் துப்பாக்கியின் போல்ட்டைப் பத்து முறை ஓங்கி மூடினேன். ஊசி ஒருமுறையும் தானாக விழவில்லை. பாதுகாப்பு இறக்கையைத் திருப்பி, டிரிகரை அழுத்தி விட்டு, இறக்கையை மீண்டும் எடுத்தேன். அப்போதும் விழவில்லை. மௌசரின் இறக்கை ஊசி வாலைச் சியரிலிருந்து இம்மியளவு பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். டிரிகர் மாறினால் அந்த இம்மியளவும் மாறிவிடும், ஆகவே இதைப் பார்க்காமல் விடக்கூடாது. கடைசியாக, அதிர்ச்சியில் ஊசி விழுகிறதா என்று பார்க்கக் கட்டையின் அடிப்புறத்தை மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டினேன். டிரிகரைத் தம்பி இறகு மாதிரி மெலிதாக வைக்கச் சொல்லியிருந்தார். சர்வதேசப் போட்டியில் 300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைஃபிளுக்கே டிரிகரின் இழுவை எடை குறைந்தது 1500 கிராம் வேண்டும் என்றேன். முகம் சுருங்கியது, ஆனால் ஒப்புக்கொண்டார்.

நான்காம் நாள் வந்து வாங்கினார். உரிமப் புத்தகத்தைச் சரிபார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரையே போல்ட்டை ஓட்டச் சொன்னேன். ஒருமுறை ஓட்டினார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை. பிறகு மேசைமேல் நான்கு நாளாகக் கிடந்த தகர டப்பாவைப் பார்த்தார்.

"இதை என்ன செய்யட்டும் அண்ணே?"

"கூட்டாளியிடமே கொடுத்துவிடுங்கள். இன்ஜினுக்கு வேண்டுமல்லவா?"