5 கிலோமீட்டர் ஓடினால் ஆப் ஏன் 5.25 காட்டுகிறது?

ஒரே பாதையில் இருவர் சேர்ந்து ஓடுகிறார்கள். முடிந்ததும் ஒருவர் ஃபோன் 5 கிலோமீட்டர் என்கிறது, மற்றவருடையது 5.25 என்கிறது. இலவச ஆப் என்பதால் வந்த குறை இல்லை இது. காசு கட்டும் ஆப்பும் ஃபோனுக்குள் இருக்கும் அதே ஜிபிஎஸ் சில்லைத்தான் நம்பியிருக்கிறது. ஃபோன் நாம் ஓடிய தூரத்தை அளப்பதில்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்று விநாடிக்கு ஒருமுறையோ சில விநாடிக்கு ஒருமுறையோ கணித்து, அந்தப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்து நீளத்தைக் கூட்டுகிறது. புள்ளியிலும் பிழை வரும், கோட்டிலும் வரும்.

முதலில் புள்ளி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் அணுக் கடிகார நேரத்தையும் சுற்றுப்பாதை விவரத்தையும் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த அலை நம்மை வந்து சேர ஏறத்தாழ 0.07 விநாடி ஆகிறது. இந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். ஃபோனில் இருப்பதோ சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். அது ஒரு மைக்ரோவிநாடி பிசகினாலே கணக்கு 300 மீட்டர் தள்ளிப்போகும். அதனால்தான் இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று செயற்கைக்கோள்கள் போதுவதில்லை. கடிகாரப் பிழையைத் தீர்க்க நான்காவது ஒன்றும் வேண்டும்.

சுற்றுப்பாதை விவரம் விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வருகிறது. அதை முழுதாக வாங்க அரை நிமிடமாவது ஆகும். மொபைல் டேட்டா இருந்தால் ஃபோன் அதை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வதால் சில விநாடிகளில் வேலை முடியும். டேட்டாவை அணைத்துவிட்டு வீட்டு வாசலிலேயே பதிவைத் தொடங்கினால், முதல் சில புள்ளிகள் பக்கத்துத் தெருவில் விழுவது இதனால்தான். வானம் தெரியும் இடத்தில் நின்று, ஆப் காட்டும் துல்லிய அளவு 10 மீட்டருக்குக் கீழே இறங்கிய பிறகு ஓடத் தொடங்குங்கள்.

திறந்த வெளியில் நல்ல ஃபோன் ஐந்து மீட்டருக்குள் இடம் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அலை சுவரில் மோதித் திரும்பி வருவதால் தூரம் கூடுதலாகத் தெரியும். வரைபடத்தில் நம் பாதை கட்டடங்களின் மேல் ஏறி இறங்கும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையோடு எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையையும் வாங்கும் ஃபோன்களில் இந்தத் தொல்லை குறைவு. 2018-இல் வந்த ஷாவ்மி மி 8 முதல் இவ்வகை ஃபோன்கள் கடையில் கிடைக்கின்றன.

இனி கோடு. கூடுதல் தூரம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. விநாடிக்கு 1 மீட்டர் நடக்கிறீர்கள், ஒவ்வொரு புள்ளியும் முந்தையதிலிருந்து பக்கவாட்டில் 1 மீட்டர் விலகி விழுகிறது என்று வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள கோடு 1.41 மீட்டர்; 41 சதவீதம் கூடுதல்! பத்து விநாடிக்கு ஒரு புள்ளி எடுத்தால் அதே விலகல் 10 மீட்டரை 10.05 ஆக மட்டுமே நீட்டும். அடுத்தடுத்த புள்ளிகள் பெரும்பாலும் ஒரே பக்கமாக விலகுவதால் நிஜத்தில் பிழை இவ்வளவு பெரிதாக இராது. ஆனால் போகும் திசை இதுதான். மெதுவாக நடப்பவருக்கும் சிக்னலில் நிற்பவருக்கும் தூரம் ஊதிக்கொள்வதற்குக் காரணமும் இதுவே.

அப்படியானால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாமா? வளைவு வந்தால் அடி விழும். 400 மீட்டர் ஓடுதளத்தில் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடி, பத்து விநாடிக்கு ஒரு புள்ளி எடுத்தால், கோடு வளைவைக் குறுக்கே வெட்டிச் செல்லும். சுற்றுக்கு ஏறத்தாழ 6 மீட்டர் காணாமல் போகும். ஓட்டத்துக்கு 1 முதல் 3 விநாடி, நேரான சாலையில் நடைக்கு 5 விநாடி என்பது நல்ல சமரசம். எஃப்-டிராய்டு என்ற ஆண்ட்ராய்டு ஆப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்டிராக்ஸ் ஆப்பில் நேர இடைவெளி, புள்ளிகளுக்கு இடையே குறைந்தபட்சத் தூரம், ஏற்கத்தக்க துல்லியம் மூன்றையும் நாமே அமைக்கலாம். இணைய அனுமதியே கேட்காத ஆப் அது. நாம் ஓடும் பாதை ஃபோனை விட்டு வெளியே போகாது என்பதே அதைப் பரிந்துரைக்கப் போதுமான காரணம்.

ஓடும் நேரத்து வேகம் மட்டும் தனிக்கதை. பல ஜிபிஎஸ் சில்லுகள் அதைப் புள்ளிகளிலிருந்து எடுப்பதில்லை, நகரும்போது அலையின் அதிர்வெண்ணில் வரும் மாற்றத்திலிருந்து (டாப்ளர் மாற்றம்) நேரடியாக எடுக்கின்றன. அதனால்தான் தூரம் தவறினாலும் வேகம் ஓரளவு சரியாக இருக்கிறது.

உயரக் கணக்கை எச்சரிக்கையோடு பாருங்கள். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆகவே உயரப் பிழை பொதுவாகக் கிடைமட்டப் பிழையை விடப் பெரிது. சென்னை மெரினாவில் ஓடுபவருக்குச் சில ஆப்கள் கடல் மட்டத்துக்குக் கீழே 90 மீட்டர் அளவில் காட்டுவது வேறு காரணத்தால். ஜிபிஎஸ் பூமியை ஒழுங்கான நீள்வட்டக் கோளமாக வைத்து உயரம் சொல்கிறது. இந்தியாவுக்குத் தெற்கே உள்ள கடலிலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் ஈர்ப்பு குறைவாக இருப்பதால் நிஜக் கடல் மட்டம் அந்தக் கோளத்தை விடத் தாழ்ந்திருக்கிறது; இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் 106 மீட்டர் வரை. இதைத் திருத்தித் தரும் ஆப்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஃபோனில் காற்றழுத்தமானி இருந்தால் ஏற்ற இறக்கம் இன்னும் நன்றாகத் தெரியும். கடலோரத்தில் காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறியதாகப் பொருள். வானிலை மாறி அழுத்தம் குறைந்தாலும் அது ஏற்றமாகவே பதிவாகும்.

வரைபடத்தில் பாதை நடுவே அறுந்து, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரே நேர்கோடு போட்டிருந்தால் செயற்கைக்கோளைப் பழிக்க வேண்டாம். திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு அந்த ஆப்பை நிறுத்தியிருக்கும். அமைப்புகளில் ஆப்பின் பேட்டரி பக்கத்துக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்குங்கள், பேட்டரி சேமிப்பானை அணையுங்கள், இருப்பிட அனுமதியில் துல்லிய இருப்பிடத்தை இயக்குங்கள். சில நிறுவன ஃபோன்களில் தானாகத் தொடங்கும் அனுமதியும் தனியாகத் தர வேண்டும். இவை சரியாக இருந்தால், பதிவு நடக்கும் வரை அறிவிப்புப் பட்டியில் ஆப்பின் குறி நிற்கும்.

கலோரி எண்ணை ஒரு மதிப்பீடாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். ஓட்டத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி. 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 350. ஆப் இதற்கு வெகுதூரம் தள்ளி ஏதேனும் காட்டினால், அதில் உங்கள் எடை சரியாகப் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.