தார்ச்சாலை நிறத்தில் ஒரு நிலா

பௌர்ணமி நிலா என்ன நிறம் என்று கேட்டால் பால் வெள்ளை என்போம். நிலாவின் தரையை அளந்து பார்த்தால் கணக்கு வேறு. தன்மேல் விழும் வெயிலில் 100க்கு சுமார் 12 பங்கைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. நாலைந்து வருடம் வண்டிகள் ஓடித் தேய்ந்த தார்ச்சாலையும் ஏறக்குறைய அவ்வளவுதான் அனுப்பும். அந்தச் சாலையின் நிறம்தான் நிலாவின் நிறம்.

2015 ஜூலையில் நாசாவின் டிஸ்கோவர் விண்கலம், சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பூமிக்கு முன்னால் நிலா கடந்து போவதைப் படம் எடுத்தது. பின்னால் நீலமும் வெண்மேகமுமாகப் பூமி ஒளிர்கிறது. முன்னால் மங்கலான சாம்பல் உருண்டை ஒன்று நகர்கிறது. நாம் பாட்டுப் பாடிச் சோறூட்டிய நிலாதான் அது. பின்னணியில் கருவானம் இல்லை, அவ்வளவே.

அடெமார் கெல்ப் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1929இல் இதையே ஓர் அறைக்குள் செய்து காட்டினார். இருட்டறையில் ஒரு கறுப்புத் தட்டு. மறைவான விளக்கு ஒன்றின் ஒளி அந்தத் தட்டின்மேல் மட்டும் விழும். பார்த்தவர்களுக்கு அது வெள்ளைத் தட்டாகவே தெரிந்தது. அதே ஒளியில், தட்டுக்கு முன்னால் ஒரு துண்டு வெள்ளைத் தாளைக் காட்டியதும் தட்டு கறுத்துவிட்டது. தாளை எடுத்தார், மறுபடி வெளுத்தது. இடையில் உண்மை தெரிந்துவிட்டதே என்று கண் திருத்திக்கொள்ளவில்லை.

அதற்கு நூறு வருடங்களுக்கு முன்பு பாரிஸில் இதன் மறுபக்கம் ஒரு புகாராக வந்தது. அங்கே கோப்லின் அரசு நெசவுக்கூடத்தில் சுவரை மறைக்கும் பெரிய சித்திரத் திரைகளைக் கம்பளி நூலால் நெய்வார்கள். 1824இல் அதன் சாயப் பிரிவுக்கு மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கறுப்பு நூல் சரியில்லை, நீல, ஊதா ஆடைகளின் மடிப்பில் நிழல் காட்ட அதை வைத்தால் எடுப்பாக விழவில்லை என்றார்கள் அங்கிருந்தவர்கள். ஷெவ்ரல் மற்ற சாயப் பட்டறைகளின் கறுப்பு நூல்களை வரவழைத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். தங்கள் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பின் பலத்தைக் குறைத்துக் காட்டின. வேதியியல் கேள்வி என்று தொடங்கியது கண்ணைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. அதன் பின்னால் ஆண்டுக்கணக்கில் போய், 1839இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த் திசைக்குத் தள்ளும் என்பது அதன் சாரம். பிரெஞ்சு ஓவியர்கள் அதைத் தேடிப் படித்தார்கள்.

ஏன் தள்ளுகின்றன என்பதற்குப் பதில் கிடைத்தது ஒரு கடற்பிராணியிடம். பெயர் குதிரை லாட நண்டு. உண்மையில் அது நண்டல்ல, சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய உறவு. அதன் கூட்டுக்கண்ணில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கண்கள் உண்டு. அமெரிக்காவின் கெஃபர் ஹார்ட்லைன் அதில் ஒரு சின்னக் கண்ணின் நரம்பிழையை மட்டும் பிரித்தெடுத்து, அதன் மின்துடிப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் ஒளி பட்டால் துடிப்பு கூடியது. அக்கம்பக்கத்துக் கண்களிலும் ஒளி பட்டால் இன்னும் கூட வேண்டும் அல்லவா? குறைந்தது. ஒவ்வொரு கண்ணும் தன் பக்கத்துக் கண்ணை அடக்குகிறது. தனக்கு வெளிச்சம் கிடைக்கக் கிடைக்க, அதிகமாக அடக்குகிறது. இந்த ஆராய்ச்சிக்காக 1967இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நம் விழித்திரையிலும் இதே கழித்தல் கணக்கு நடக்கிறது. அங்கே ஒளியை உணரும் செல்கள் 12 கோடிக்கும் மேல். மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இருப்பதோ சுமார் 10 லட்சம் இழைகள். ஒவ்வொரு செல்லும் கண்டதை அப்படியே ஒப்பித்தால் வழி போதாது. அதனால் ஒரு புள்ளிக்கும் அதைச் சுற்றியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் பெரும்பாலும் மேலே போகிறது. வெறும் வெள்ளைச் சுவர் என்றால் சொல்ல அதிகம் இல்லை. அந்தச் சுவரில் ஓர் எறும்பு ஊர்ந்தால் நரம்பு விழித்துக்கொள்ளும்.

மார்கழி விடியலில் வாசல் தெளிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் விழுந்த கணத்தில் மண் கறுக்கிறது. ஈரமான மண்ணுக்குள் நுழைந்த ஒளி, தண்ணீர்ப் படலத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதி, வெளியே வராமல் மண்ணால் உறிஞ்சப்படுவதுதான் காரணம். அந்தக் கறுப்பின்மேல் அரிசி மாவை இரு விரலிடுக்கில் வழியவிட்டு ஒரு கோடு இழுத்ததும், கோட்டைப் பார்க்கும் செல்களுக்குச் சுற்றிலும் இருட்டு. அடக்குவார் இல்லாமல் முழு வேகத்தில் துடிக்கின்றன. கோட்டுக்குச் சற்று வெளியே உள்ளவை வெள்ளைக்கோட்டால் அடக்கப்பட்டு, தூரத்து மண்ணைப் பார்க்கும் செல்களைவிடவும் அமைதியாகிவிடுகின்றன. ஓரத்தில் வெள்ளை இன்னும் வெள்ளை, கறுப்பு இன்னும் கறுப்பு. ஒன்பது மணிக்குத் தரை காய்ந்ததும் கோலம் மங்கிவிட்டது என்கிறோம். மாவு அதே மாவு. மண்தான் வெளுத்துவிட்டது.

நிறத்திலும் இப்படித்தான். செல்கள் அனுப்பும் செய்தியைச் சிவப்பு எதிர் பச்சை, நீலம் எதிர் மஞ்சள் என்று தராசில் நிறுத்துகின்றன நரம்புகள். அரக்குச் சேலைமேல் ஒரு சாம்பல்நிறத் தாளை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தால், தாளில் லேசாகப் பச்சை ஏறும். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலைக்கு ஏன் அத்தனை பாடுபடுகிறார்கள் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சாதாரண நெசவில் உடலின் ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், கரைக்குள்ளும் ஓடும். அரக்கு உடல், பச்சைக் கரை என்று வைத்துக்கொண்டால், அரக்கு நூல் கரையின் பச்சைப் பாவுக்குள், அதாவது நெடுக்கு நூலுக்குள், புகுந்து பச்சை அழுக்காகும். கோர்வையில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனி. ஒவ்வொரு இழைக்கும் அரக்கு அங்கேயே நின்று திரும்ப, பச்சை இங்கிருந்து தொடங்கி, எல்லையில் இரண்டும் கொக்கிபோல் கோத்துக்கொள்ளும். வேலை இரட்டிப்பு. ஆனால் கலந்தால் மங்கும் அதே இரண்டு நிறங்கள் எல்லைக்கோட்டில் நேருக்கு நேர் நின்று ஒன்றையொன்று ஏற்றிவிடுகின்றன. அந்த நெசவாளர்கள் விழித்திரையைப் பற்றிப் படித்தவர்கள் அல்லர். கண்ணுக்கு எது வேண்டும் என்பதைக் கையால் கண்டுபிடித்தவர்கள்.

இடத்தில் நடப்பது காலத்திலும் நடக்கும். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையை ஐஸ் தண்ணீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, அப்புறம் இரண்டையும் ஒரே குழாய்த் தண்ணீரில் விடுங்கள். ஒரு கைக்குச் சில்லென்றிருக்கும், மற்றதற்கு வெதுவெதுப்பாக இருக்கும். ஜாங்கிரி சாப்பிட்ட வாய்க்குக் காபியில் சர்க்கரையே இல்லாததுபோல் இருக்கும். நெல்லிக்காய் கடித்த வாய்க்குப் பச்சைத் தண்ணீர் இனிக்கும். சற்று முன் இருந்த நிலைக்குப் பழகிவிட்ட நரம்பு, அதிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைத்தான் பேசுகிறது.

மகிழ்ச்சிக்கும் இதில் பங்குண்டு. 1990களில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகளைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் அவை துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்குக்குத் துள்ளின, சாற்றுக்குச் சும்மா இருந்தன. வர வேண்டிய சாறு வராதபோது வழக்கத்தைவிட அடங்கிப்போயின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கும் கணக்கு. இதை வைத்து, துன்பம் இருந்தால்தான் இன்பம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பசித்த வயிறும் பட்டினியும் ஒன்றல்ல. நரம்பு கேட்பது ஒரு மாற்றத்தை, ஓர் இடைவெளியை. வேதனையை அது கேட்கவில்லை.

வளர்பிறை அஷ்டமியை ஒட்டி, வானம் தெளிவாக இருந்தால், மாலை நாலு மணிக்குக் கிழக்குப் பக்கம் பாருங்கள். நீலத்தில் ஒட்டிய பஞ்சுத் துணுக்குபோல அரை நிலா நிற்கும். பலர் கவனிக்காமலே கடந்து போவார்கள். அதே நிலாவை ஏழரை மணிக்கு மறுபடி போய்ப் பாருங்கள். அந்த மூன்றரை மணி நேரத்தில் நிலா கூடுதலாக ஒளி எதையும் அனுப்பத் தொடங்கியிருக்காது.