பட்டா: யார் பேரில்?

"இந்த சீட் என்ன, உங்கப்பன் பேருல பட்டா போட்டதா?" பஸ்ஸில் இந்தச் சண்டையைக் கேட்காதவர்கள் குறைவு. கவனித்தால், அப்பன் பேரில்தான் போடுகிறார்கள். அம்மா பேர் அந்த ஏச்சில்கூட வருவதில்லை.

தகடு, பலகை என்று பொருள்படும் 'பட்ட' என்ற வடசொல்தான் 'பட்டா' என்ற சொல்லின் வேர். செப்புப் பட்டயம் என்கிறோமே, அந்தப் பட்டயமும் இதற்கு உறவு. இந்தியில் பட்டா என்றால் குத்தகைப் பத்திரம். நம் பக்கம், அரசு உழவரிடமே நேராக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் அது வேறொன்றாக நிலைத்தது: இந்த நிலத்துக்கு இவ்வளவு தீர்வை (நிலவரி), கட்டவேண்டியவர் இன்னார் என்று அரசு எழுதிக் கொடுக்கும் சீட்டு. இன்றைய பட்டாவிலும் நஞ்சை, புஞ்சை, பரப்புக்குப் பக்கத்தில் தீர்வை இருக்கிறது.

'நில உரிமை ஆவணம்' என்று சிலர் தமிழாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டா மட்டுமே உரிமையை நிலைநாட்டாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 'தீர்வைச் சீட்டு' என்பதே பொருத்தம்.

ஆனால் அணைக்கோ ஆலைக்கோ நிலம் எடுக்க வரும்போது, நோட்டீஸ் பட்டாதாரர் பேருக்குத்தான் வரும். அந்த வயலில் களையெடுத்தவள், புறம்போக்கில் ஆடு மேய்த்துச் சுள்ளி பொறுக்கியவள் பேர் அதில் இருக்காது. நர்மதை அணை விவகாரத்தில் 1979இல் தீர்ப்பாயம், மறுவாழ்வு கொடுக்கும்போது வயதுவந்த மகன் ஒவ்வொருவரையும் தனிக் குடும்பமாகக் கணக்கிடச் சொன்னது. மகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆணோ பெண்ணோ, வயதுவந்தவர் தனிக் குடும்பமே என்று எழுத 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. நிலமில்லாத விவசாயக் கூலிகளும் பாதிக்கப்பட்டவர்கள்தான் என்று அதே சட்டம் ஒப்புக்கொண்டது.

நடுவில், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், வனநில உரிமையைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் கூட்டாகப் பதியச் சொன்னது. அதையும் ஜனங்கள் 'பட்டா' என்றே சொல்கிறார்கள். சரி, அங்கே 'உரிமைச் சான்று' என்பது பொருந்தும்.

கீழத்தஞ்சைக் கதை வேறு. காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய லாஃப்டி என்ற அமைப்பு, நிலத்தை விலைக்கு வாங்கி தலித் பெண்கள் பேரில் பதிந்து கொடுத்தது. அப்புறம் அந்தக் கரையோரத்துக்கு இறால் பண்ணைகள் வந்தபோது பெண்கள் திரண்டு மறித்தார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் "உங்கம்மா பேருல பட்டா போட்டதா?" என்று கேட்டால், "ஆமாம்" என்றே பதில் வரலாம்.