ஊட்டிச் செம்மண்ணில் மணிச்சத்து எங்கே போகிறது?

கேத்தி, பாலாடா பக்கம் உருளைக்கிழங்குக்குப் போடும் மணிச்சத்தில் (பாஸ்பரஸ் உரம்) பெரும்பங்கு கிழங்குக்குப் போய்ச் சேருவதில்லை. சரிவில் மழைநீர் அடித்துச் செல்வது ஒரு பக்கம் இருக்கட்டும்; தோட்டத்திலேயே தங்கும் உரத்தையும் மண் பிடித்துக்கொள்கிறது.

பிடிப்பவை மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு ஆக்சைடுகள்தான்: மஞ்சள் பழுப்பான கோதைட், சிவப்பான ஹெமடைட். துணைக்கு கிப்சைட் என்ற அலுமினிய ஹைட்ராக்சைடு. அலுமினியமும், மண்ணிலுள்ள மக்கிய கரிமப்பொருளும் படிகத்தை வளரவிடாததால், இரும்புத் துகள்கள் பல நானோமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன. 1 மி.மீ. ஹெமடைட் குருணைகள் 1 கிராம் எடுத்தால் மேற்பரப்பு சுமார் 11 சதுர செ.மீ. அதே 1 கிராம் 20 நானோமீட்டர் துகள்களானால் 57 சதுர மீட்டர். 600 சதுர அடி வீட்டின் தரை அளவு!

அந்தப் பரப்பு முழுவதும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள். பி.எச் 5-ஐ ஒட்டிய புளிப்பு மண்ணில் அவை புரோட்டானை ஏற்று நேர் மின்னூட்டம் பெறும். மணிச்சத்து மண்ணில் இருக்கும் வடிவமான, எதிர் மின்னூட்டமுள்ள பாஸ்பேட் நெருங்கி, ஹைட்ராக்சிலை வெளியே தள்ளி, இரும்போடு நேரடியாகப் பிணைந்துவிடும். வெறும் மின் ஈர்ப்பு என்றால் தண்ணீர் கழுவிவிடும்; இது வேதிப்பிணைப்பு, எளிதில் அவிழாது. நாளாக ஆக, துகள்களின் நுண்துளைக்குள்ளும் பாஸ்பேட் புகுந்துவிடும்.

கணக்குப் போடலாம். ஏக்கருக்கு மேல்மண் 600 டன், அதில் 5% இத்தகைய ஆக்சைடு என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு அதே 57 சதுர மீட்டர் பரப்பு, சதுர மீட்டருக்கு 2.5 மைக்ரோமோல் பாஸ்பேட் வீதம், 300 கிலோ மணிச்சத்தை அது பிடிக்கும். நீலகிரி உருளைக்குப் பரிந்துரை எக்டேருக்கு 240 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 97 கிலோ. தழைச்சத்தைப் போல இரு மடங்கு. காரணம் இந்தப் பசிதான்.

ஆகவே அளவைக் கூட்டுவதைவிட, போடும் இடம் முக்கியம். சூப்பர் பாஸ்பேட்டைத் தூவிக் கொத்திவிட்டால் ஒவ்வொரு துகளுக்கும் பங்கு வைத்ததாகிவிடும். விதைக்கிழங்கை ஒட்டி, அதன்மேல் படாமல், சாலில் பட்டையாக வையுங்கள்; அருகிலுள்ள இடங்கள் நிரம்பி, மிச்சம் வேருக்குக் கிடைக்கும். தூளைவிடக் குருணை நல்லது. மக்கிய தொழுவுரத்தின் கரிம அமிலங்கள் அதே இடங்களில் முந்தி அமர்ந்துகொள்ளும்.

டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள் பி.எச்சை உயர்த்திப் பிடியைத் தளர்த்தும். ஆனால் 5.5-ஐத் தாண்டவிட்டால் கிழங்கில் சொறிநோய் தலைதூக்கும். ராக் பாஸ்பேட் என்ற பாறைத்தூள் உரம் கரைவதற்கோ புளிப்பே வேண்டும். அதை டோலமைட்டோடு சேர்த்துப் போட்டால் கல்லாகவே கிடக்கும்.